ஆறு திங்கள் அதிகாரம்!

இடுப்பிலே துப்பாக்கி. மார்பிலே சின்னம். தலையிலே அகன்ற விளிம்புத் தொப்பி. சட்டத்தை மீறுவோனை அவர் தடுத்து நிறுத்தலாம், சோதனையிடலாம், கைவிலங்கு பூட்டலாம். உயிருக்கே ஆபத்து என்ற வேளை வந்தால் சுடவும் செய்யலாம். இத்துணை அதிகாரம் படைத்தவரை அணுகி, "ஐயா, அடுத்த திங்கள் உமக்கு வேலை உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்!

யார் இவர்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசியப் பூங்காக்களிலே, பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் காவல் ரேஞ்சர்.

பூங்கா என்றதும் நாலு பூச்செடியும், இரண்டு ஊஞ்சலும், வறுத்த கடலை விற்பவனும் நம் கண்முன் வந்து நிற்பர். அந்தப் பூங்கா அல்ல இது. 1872-ஆம் ஆண்டு உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்ற யெல்லோஸ்டோன் ஒன்றே ஏறத்தாழ 22 இலட்சம் ஏக்கர்! காடு, மலை, பாலை, பள்ளத்தாக்கு, போர்க்களம், நினைவகம் என்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பிலே இருப்பவை 430-க்கும் மேற்பட்ட இடங்கள். 2024-ஆம் ஆண்டிலே அங்கெல்லாம் பதிவான வருகைகள் 33 கோடிக்கு மேல். அத்துறையின் கணக்கிலே அதுவே உச்சம்.

வருவோர் அனைவரும் அருவியைக் கண்டு அகமகிழ வருவோர் அல்லர். குடித்துவிட்டுக் கார் ஓட்டுவோர் உண்டு. கூடாரத்திலே திருடுவோர் உண்டு. மானைச் சுட்டுத் தோலுரிப்போர் உண்டு. பழங்குடி மக்களின் புதைகுழியைத் தோண்டிப் பானை ஓடுகளைக் காசாக்குவோரும் உண்டு. இவர்களை எதிர்த்து நிற்கவும், வழிதவறியவனைத் தேடவும், பாறையிலிருந்து விழுந்தவனைத் தூக்கிவரவும் ஆள் வேண்டும். கோடையிலே கூட்டம் பன்மடங்கு. ஆகவே கோடைக்கென்று தனி ஆள். அதிலே தவறில்லை. அறுவடைக்கு ஆள் கூட்டுவது உழவனும் அறிந்த முறைதான்.

இந்தக் கோடைக்கால ஏற்பாடு நேற்று வந்ததன்று. 1880-இல் யெல்லோஸ்டோனுக்கு விலங்குக் காவலராக ஹாரி யவுண்ட் என்பவரை அமர்த்தினர். ஒரே ஒருவர்! ஓராண்டு சுற்றிப் பார்த்த அவர், ஒரு மனிதனால் ஆகிற காரியமல்ல, சிறு காவற்படையே வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு விலகினார். 1886-இல் இராணுவம் வந்தது. கலிபோர்னியாவிலே யோசெமிட்டி, செக்வோயா பூங்காக்களுக்கோ, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து குதிரைப்படையினர் கோடைதோறும் வருவர், குளிர் தொடங்கியதும் திரும்புவர். பருவக் காவலர் என்போருக்கு முன்னோர் இவர்களே.

1903-ஆம் ஆண்டு அப்படி செக்வோயாவுக்கு வந்த படையின் தலைவர் சார்லஸ் யங். அடிமைக் குடும்பத்திலே பிறந்த கறுப்பர். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியிலே தேறிய மூன்றாவது கறுப்பர். அவருடைய கறுப்பு வீரர்கள் அந்த ஒரே கோடையிலே, பேருருவ மரங்கள் நிற்கும் காட்டுக்கு வண்டிச் சாலையைப் போட்டு முடித்தார்கள். மகிழ்ந்த மக்கள் ஒரு மரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விழைந்தபோது, "என் பெயர் வேண்டாம், புக்கர் வாஷிங்டன் பெயரை வையுங்கள்" என்றாராம். தன் மக்களைப் படிக்க வைத்தவன் பெயர் நிற்கட்டும் என்ற எண்ணம்! அவருக்குரிய பிரிகேடியர் ஜெனரல் பதவியை அந்நாடு 2022-இல்தான் வழங்கியது. அவர் மறைந்தது 1922-இல். நூறாண்டு தாமதம்! போகட்டும், நாம் காவலரிடம் திரும்புவோம்.

1916-இல் தேசியப் பூங்காத் துறை பிறந்தது. அன்றைய ரேஞ்சர் வழிகாட்டி, தீயணைப்பாளர், குதிரை வீரர், காவலர் எல்லாம் ஒருவரே. 1970-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், விடுதலை விழாக் கூட்டத்திலே, யோசெமிட்டியில் இளைஞர்களுக்கும் ரேஞ்சர்களுக்கும் பெருங்கலகம் மூண்டது. காவல் பயிற்சி இல்லாதவர்கள் குதிரைமீதேறிக் கூட்டத்தைக் கலைக்கப் போனால் என்ன ஆகும் என்பதை நாடு கண்டது. 1976-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. துப்பாக்கி ஏந்தும் உரிமையும் சிறைப்படுத்தும் உரிமையும் தெளிவாக்கப்பட்டன. பயிற்சி இல்லாதவனுக்கு அதிகாரம் இல்லை என்பது நெறியாயிற்று. நல்ல நெறி, நாமும் வரவேற்கிறோம்.

ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது யார்? அங்கேதான் வருகிறது வேடிக்கை.

நிரந்தரக் காவலராகத் தேர்வு பெற்றவர் ஜார்ஜியா மாநிலத்துக் கிளின்கோவிலே உள்ள மத்திய அரசின் காவல் பயிற்சி மையத்துக்கு அனுப்பப்படுகிறார். அவர் அப்போதே அரசு ஊழியர். சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார். பருவக் காவலராக விரும்புகிறவரோ, முதலில் தன் சொந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கல்லூரியிலே கட்ட வேண்டும். வட கரோலினாவின் தென்மேற்குச் சமுதாயக் கல்லூரி, வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகம், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் வேலிக் கல்லூரி முதலானவை பூங்காத் துறையின் ஒப்புதலோடு இப்பயிற்சியை நடத்திவந்திருக்கின்றன. ஏறத்தாழ நான்கு திங்கள். அறுநூறு மணி நேரத்துக்கும் மேல். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். அந்த நான்கு திங்களும் வேறு வேலைக்குப் போக நேரமிராது. வாடகை, சாப்பாடு எல்லாம் தன் தலையிலே.

பயிற்சியோ எளிதன்று. எந்நேரத்தில் ஒருவரைச் சோதனையிடலாம், எந்நேரத்தில் கூடாது என்று அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். பூங்கா விதிகள் அடங்கிய 36-ஆம் தொகுதி தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். குறி தவறாது சுட வேண்டும், வேகமாகக் கார் ஓட்ட வேண்டும், மல்லுக்கு நின்று ஆளைக் கீழே சாய்க்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு அசையாமல் பதில் சொல்ல வேண்டும். மிளகாய்க் காரத்தைத் தன் கண்ணிலேயே தெளிக்கச் செய்து, அந்த எரிச்சலோடு போராடியும் காட்ட வேண்டும்! இத்தனைக்கும் மேலாக வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உடற்சோதனை, போதைப் பொருள் சோதனை, முன்வாழ்க்கை விசாரணை அனைத்திலும் தேற வேண்டும்.

தேறினால் வேலை நிச்சயமா? இல்லை. கையில் சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு அரசின் வேலை அறிவிப்புக்காகக் காத்திருந்து, பூங்கா பூங்காவாக விண்ணப்பம் போட வேண்டும். கிடைத்தால் இரண்டாம் வகை அதிகாரம். பெரிய குற்றங்களின் புலனாய்விலே நிரந்தரக் காவலரின் கீழ்தான் பணி. மற்றபடி சாலையிலே, முகாமிலே, இரவு ரோந்திலே, இவருக்கும் அவருக்கும் வேற்றுமை காணும் கண் பொதுமக்களுக்கு இல்லை. குற்றவாளிக்கும் இல்லை. 1973-இல் பாயின்ட் ரேயஸ் கடற்கரையிலே மான் வேட்டைக்காரர்கள் ரேஞ்சர் கென் பேட்ரிக்கைச் சுட்டுக் கொன்றனர். 2002-இல் மெக்சிகோ எல்லையோரப் பாலையிலே கிரிஸ் எக்கிள் கொல்லப்பட்டார். 2012-ஆம் ஆண்டின் முதல் நாளன்றே ரெய்னியர் மலையிலே, இரு குழந்தைகளின் தாயான மார்கரெட் ஆண்டர்சன் சுடப்பட்டு மாண்டார். "நீ நிரந்தரமா, தற்காலிகமா?" என்று கேட்டுவிட்டுப் பாய்வதில்லை, துப்பாக்கிக் குண்டு!

கேட்பது அரசாங்கம் மட்டுமே.

எப்படிக் கேட்கிறது பாருங்கள். வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 2,080 மணி நேரம். அதிலே சரிபாதி 1,040. பருவ ஊழியரை மறு ஆண்டும் போட்டியின்றித் திரும்ப எடுக்க வேண்டுமானால், ஓராண்டில் அவர் வேலை 1,040 மணிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 1,039 மணி நேரம் என்பது பருவ ஊழியர்களிடையே பழமொழிபோல் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது! கோடு கிழித்து நிறுத்திவிடுவர்.

இந்த விதி பிறந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. தலைநகரிலே, அடிமைத் தளையறுத்த ஆபிரகாம் லிங்கனின் நினைவகத்திலே, பூங்காத் துறையின் தற்காலிகத் தொழிலாளி ஒருவர் எட்டு ஆண்டுகள் உழைத்தார். ஆண்டுதோறும் "தற்காலிகம்" என்று புதுப்பித்துக்கொண்டே இருந்தனர். 1993-இல் அவர் மாண்டபோது, ஆயுள் காப்பீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. குடும்பத்துக்கு மிஞ்சியது கண்ணீர். நாடாளுமன்றம்வரை போயிற்று செய்தி. தற்காலிகம் என்ற பெயரால் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று 1994-இல் விதி வந்தது. பருவ வேலைக்கு மட்டும் விலக்கு, ஆனால் 1,040 மணிக்குள். தொழிலாளியைக் காக்கக் கட்டிய வேலி, தொழிலாளியையே வெளியே நிறுத்தும் வேலியாயிற்று!

ஆகவே இவர்கள் பறவைகளானார்கள். கோடையிலே யெல்லோஸ்டோன், குளிரிலே புளோரிடாவின் எவர்கிளேட்ஸ். ஆண்டுக்கு இருமுறை மூட்டை முடிச்சு, ஆண்டுக்கு இருமுறை புது முகவரி. பூங்காவின் குடியிருப்பிலே தங்கினால் வாடகையும் பிடித்துக்கொள்வர். மணம் புரிவது எப்போது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எங்கே?

இருந்தும் வருகிறார்கள்! ராண்டி மார்கன்சன் என்பவர் சியரா மலைத்தொடரிலே பருவ ரேஞ்சராகக் கழித்தவை 28 கோடைகள். 1996 ஜூலையிலே ரோந்து சென்றவர் திரும்பவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2001-இல், அவருடைய எச்சங்களே கிடைத்தன. இருபத்தெட்டாவது ஆண்டிலும் அவருடைய பணிக்குப் பெயர் 'பருவப் பணி'. அந்த அன்பைத்தான், மலைமேல் கொண்ட அந்தக் காதலைத்தான், மலிவு விலைக்கு வாங்குகிறார்கள் என்கிறோம் நாம்.

போராடினால் பெறலாம் என்பதற்கும் சான்று உண்டு. தற்காலிகத் தீயணைப்பு வீரர்கள் 2012-இல் கையெழுத்து வேட்டை நடத்தி மருத்துவக் காப்பீட்டைப் பெற்றார்கள். அது பின்னர் மற்றப் பருவ ஊழியர்க்கும் விரிந்தது. 2015 ஆகஸ்டில் மற்றொரு சட்டம் வந்தது. மொத்தம் 24 திங்கள் பணி முடித்த பருவ ஊழியர், துறைக்குள்ளிருப்போரோடு சமமாக நிரந்தரப் பதவிக்குப் போட்டியிடலாம். வாசற்படிக்கு வரவே இத்தனை நாள்!

கணக்குப் போடுங்கள். ஒரே பூங்காவிலே ஆண்டுக்கு ஆறு திங்களுக்கும் குறைவாகப் பணிபுரிபவர், 24 திங்களை எட்ட ஐந்தாவது கோடை வரவேண்டும். நிரந்தரக் காவல் பதவிக்கோ 37-ஆம் பிறந்த நாளுக்கு முன் சேர வேண்டும் என்பது பொது விதி. படையில் பணிபுரிந்தோருக்கு விலக்கு உண்டு. முப்பத்து மூன்று வயதில் தொப்பி அணிந்தவர் ஐந்து கோடைகளைக் கடந்து வாசலை அடையும்போது, "வயது கடந்துவிட்டது, வழியை விடும்" என்பார்கள். தற்காலிகமாக அவர் காவல் புரிந்த நாள்கள் ஓய்வூதியக் கணக்கிலும் சேர்வதில்லை.

"கோடைக்குத்தானே கூட்டம், ஆண்டு முழுதும் சோறு போட முடியுமா?" என்று சிக்கன சிகாமணிகள் கேட்பர். ஆண்டு முழுதும் கேட்கவில்லை நாம்! ஆண்டிலே சில திங்கள் வேலை நிறுத்தி வைக்கப்படும், ஆனால் பதவி நிரந்தரம், சலுகை உண்டு என்னும் ஒரு வகைப் பணி அந்நாட்டு விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. புதிதாகச் சட்டம் வேண்டியதில்லை. புரட்ட வேண்டியது பக்கம் மட்டுமே.

அதற்கு மாறாக நடந்தது என்ன? 2025 ஜனவரி 20-ஆம் நாள், பதவியேற்ற அன்றே, குடியரசுத் தலைவர் டிரம்ப் அரசுப் பணிகளுக்கு ஆள் எடுப்பதை முடக்கினார். கோடைக்கு வரச்சொல்லி அனுப்பிய பணி ஆணைகள் பலருக்குத் திரும்பப் பெறப்பட்டன. பிப்ரவரி 14-ஆம் நாள் பூங்காத் துறையிலே புதிதாகச் சேர்ந்திருந்த நிரந்தர ஊழியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். கூச்சல் எழுந்தபின், 7,700 பருவ ஊழியர்வரை எடுக்கலாம் என்று இறங்கி வந்தனர். அதற்குள் எத்தனை பேர் வேறு வேலை தேடிப் போயினரோ! காவல் பிரிவிலோ, பருவப் பணியிடங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட முன்பே வெகுவாகச் சுருங்கிவிட்டன. கல்லூரிப் பயிற்சி பெற்றோரிலே சிலரை நேரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக் கிளின்கோவுக்கு அனுப்புவதும் உண்டு. அது ஓர் ஆறுதல்.

எனவே, அந்நாட்டிலே இத்தொழிலை நாடும் இளைஞர், காவல் பயிற்சியோடு நிற்பதில்லை. விபத்தில் சிக்கியோர்க்கு முதலுதவி செய்யும் மருத்துவச் சான்றிதழ், காட்டுத்தீ அணைக்கும் பயிற்சி, கயிறு கட்டிப் பாறையில் இறங்கும் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அவற்றில் பலவும் சொந்தச் செலவிலேயே. சேர்த்துவிட்டு, இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் அரசின் அறிவிப்பு எப்போது வரும் என்று விழித்திருக்கிறார்கள். சில அறிவிப்புகள் சில நாளே திறந்திருக்கும். சில, குறித்த எண்ணிக்கை விண்ணப்பங்கள் வந்ததுமே மூடப்படும். காலையில் திறந்த கதவு மாலையில் மூடியதும் உண்டு.