எத்தனை பேர் பேசப் போகிறார்கள்?

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் செல்லும் சாலையில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது குமராட்சி. அந்தப் பக்கத்து மாணவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழைக்கு மறுநாள் நாளிதழில் எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு பட்டியல் வரும். அந்த அளவுகளில் சிலவற்றை மனிதர் யாரும் அளப்பதில்லை. தானியங்கி வானிலை நிலையம் தானே அளந்து, தானே வானுக்கு அனுப்புகிறது.

எப்படி அனுப்புகிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 2006-07-ல் நாடெங்கும் இத்தகைய 125 நிலையங்களை நிறுவியது. எல்லாமே 402.75 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் கல்பனா-1 துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பின. அங்கிருந்து செய்தி புனே நகருக்கு இறங்கியது. இரு நிலையங்கள் ஒரே கணத்தில் அனுப்பினால் அலைகள் கலந்து இரண்டு செய்திகளும் பாழ். ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது. அன்டெனா வானத்தையல்லவா பார்த்திருக்கிறது! ஆகவே ஒவ்வொரு நிலையமும் ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. ஒரு முறை மோதினாலும் மறு முறை தப்பிவிடும் என்பது கணக்கு. 1971-ல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் இயக்கிய 'அலோஹா' வலையும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது. பின்னர் வந்த வானிலை நிலையங்களுக்கு ஆளுக்கொரு நேரம் ஒதுக்கப்பட்டது.

எண்ணிக்கை தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். தெரியாவிட்டால்? 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அத்தகைய நாளில் ஒரு செல்பேசிக் கோபுரத்தை ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைப்பார்கள்? நாலு பேரா, ஐந்நூறு பேரா?

ஒரு விளையாட்டைப் பாருங்கள். வகுப்பில் 50 மாணவர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பை. அதில் 50 சீட்டுகள். ஒன்றில் மட்டும் புள்ளி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். புள்ளி வந்தவர் மட்டும் பேசலாம். சரியாக ஒருவர் மட்டும் பேசும் வாய்ப்பு நூற்றுக்கு 37. இதைவிட நல்ல வாய்ப்பை வேறு எந்தச் சீட்டுக் கணக்கும் தராது. நான்காம் தலைமுறைக் கோபுரங்களின் விதிகளிலும் இதே தந்திரம் உண்டு. நெரிசலின்போது கோபுரம் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை அறிவிக்கும். ஒவ்வொரு செல்பேசியும் தனக்குள் ஏதோ ஓர் எண்ணை எடுத்து, அது அறிவித்ததைவிடச் சிறியதானால் மட்டுமே முயலும். கோபுரம் தரும் ஆலோசனை அது.

ஆலோசனை தவறானால்? ஐம்பது பேர் என்று கணித்திருக்க, நாலு பேர்தான் வந்தார்கள் என்போம். பெரும்பாலும் யாருமே பேசமாட்டார்கள். வாய்ப்பு நூற்றுக்கு 7 அல்லது 8. இருநூறு பேர் வந்தாலும் நூற்றுக்கு 7-தான், இம்முறை மோதலால். ஐந்நூறு பேர் வந்துவிட்டால் பத்தாயிரத்தில் 4! அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நாளில்தான் கணிப்பு நம்மைக் கைவிடும்.

கணிப்பே இல்லாத வழியும் இருக்கிறது. முதல் முறை 1/2 வாய்ப்பில் முயல்க. அடுத்து 1/4, பிறகு 1/8... இப்படி 1/1024 வரை பத்துப் படிகள். ஐந்நூறு பேர் இருந்தால் 1/512 என்ற படியில் நமக்கு வேண்டிய 37 கிடைத்துவிடும். ஏமாற்றாத வழி, ஆனால் மெதுவானது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? ஒற்றைப்படை முறைகளில் கணிப்பைக் கேட்போம். இரட்டைப்படை முறைகளில் படி இறங்குவோம். கணிப்பு சரியானால் விரைவில் முடியும். முழுதும் பொய்த்தாலும், படி வழியைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரமே ஆகும். இவ்வளவு எளிய உபாயமா என்று எனக்கே முதலில் வியப்பாக இருந்தது. கில்பர்ட், நியூபோர்ட், வைத்யா, வீவர் என்ற நால்வர் 2021-ல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். எந்தப் படி பொருந்தும் என்பதில் நமக்குள்ள ஐயத்தை ஷானனின் 'என்ட்ரோபி' கொண்டு அளந்து, ஐயம் குறையக் குறையக் காத்திருக்கும் நேரமும் எப்படிக் குறைகிறது என்று காட்டினார்கள்.

சீட்டு விளையாட்டை நாலு பேரோடும் ஐம்பது பேரோடும் வகுப்பிலேயே ஆடிப் பார்க்கலாம். எடுத்த சீட்டை மறுபடி பையில் போட மறவாதீர்கள். இருநூறு பேர் வேண்டுமானால், காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் தரும்படி தலைமையாசிரியரைத்தான் கேட்க வேண்டும்.