கட்டை அவிழ்க்காமல் எண்ணலாம்

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-ல் இந்தியவியலாளர் ழான் ஃபிலியோசா தொடங்கியது. என். ஆர். பட் முதலான பண்டிதர்கள் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய சைவ ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்ந்த புதுச்சேரிச் சைவச் சுவடிகள் சுமார் 11,000.

ஓலைச்சுவடி என்றால் மேலும் கீழும் சட்டம், துளை வழியே கோத்த கயிறு. கட்டு ஒன்றுதான், உள்ளே நூல் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓர் ஆகமம் முடிய, அடுத்து ஒரு பத்ததி, அதாவது சடங்கு முறை நூல், தொடங்கியிருக்கும். எந்தக் கட்டில் எத்தனை நூல்?

இதற்கு இணையப் பட்டியல் செய்வதாக வைத்துக்கொள்வோம். புதிதாக நிரல் எழுதுபவர் முதலில் தரவுத்தளத்திடம் கட்டுகளின் பட்டியலைக் கேட்பார். பிறகு ஒவ்வொரு கட்டையும் அவிழ்ப்பதுபோல, 'இதில் எத்தனை?' என்று தனித்தனியே கேட்பார். 11,000 கட்டுக்கு 11,001 கேள்வி. ஒன்றுக்கு 2 மில்லிநொடி என்றாலும் 22 நொடி ஆகிவிடும். பத்துக் கட்டை வைத்துச் சோதித்தபோது இது கண்ணில் பட்டிருக்காது. நிரலாளர்கள் இதை 'என் பிளஸ் ஒன்' என்பார்கள்.

ஒவ்வொரு நூலின் பதிவிலும் அதன் கட்டு எண் இருக்கிறதே, அதுவே போதும். 'குரூப் பை' என்ற கட்டளையோடு கேட்டால், தரவுத்தளம் நூல்களைக் கட்டுவாரியாகப் பிரித்து எண்ணி, மொத்தத்தையும் ஒரே பதிலில் தந்துவிடும். ஆனால் நூல் எதுவும் பதிவாகாத கட்டு இதில் விடுபடும். கட்டுப் பட்டியலோடு நூல் பட்டியலை இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டால் அது வரும். அப்போது வரிகளை எண்ணக் கூடாது, நூல் எண்ணை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கட்டுக்கும் 'ஒன்று' என்று காட்டும்.

இன்னொரு வழி, கட்டின் பதிவிலேயே 'நூல்கள்: 4' என்று எழுதிவைப்பது. படிக்கும்போது எண்ணவே வேண்டாம். ஆனால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அந்த நான்கைப் பார்த்து, ஆளுக்கொரு நூல் சேர்த்து, இருவரும் ஐந்து என்று எழுதினால் ஒரு நூல் கணக்கில் வராமல் போகும். 'இருப்பதோடு ஒன்று கூட்டு' என்று தரவுத்தளத்திடமே விட்டுவிட வேண்டும்.

பார்ப்பவர் பலர், திருத்துபவர் சிலர் என்றிருக்கும் சுவடிப் பட்டியலுக்கு, எண்ணிக்கையை இப்படி எழுதிவைப்பது நன்றாகப் பொருந்தும். ஆனாலும் முதலில் 'குரூப் பை'யைத்தான் முயல வேண்டும் என்பேன். பெரும்பாலும் அதுவே போதும்.

உங்கள் தளம் மெதுவாகத் திறக்கிறதா? பெரிய சர்வர் வாங்கும் முன், ஒரு பக்கத்துக்கு எத்தனை கேள்வி போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.