‘7.3 கோடியில் ஒன்று!’ - தாயைச் சிறைக்கு அனுப்பிய கணக்கும், தட்டிக்கேட்ட சங்கமும்

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, அடுத்தடுத்து பூவா தலையா போடுகிறீர்கள். இரண்டிலுமே தலை விழ வாய்ப்பு எவ்வளவு? மனதுக்குள் பதிலைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

‘பாதிக்குப் பாதி’ என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே உங்களுக்குத் துணை இருக்கிறது. 2012-ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், அந்நாட்டு எம்.பி-க்கள் 97 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 40 சதவிகிதம் பேர்தான். விடை, நான்கில் ஒன்று. முதல் காசில் தலை விழ வாய்ப்பு பாதி. இரண்டாவதிலும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். சுமார் பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் கேட்டபோது, சரியாகச் சொன்னவர்கள் 52 சதவிகிதமாகக் கூடியிருந்தார்கள். முன்னேற்றம்தான்!

எம்.பி-க்களுக்கே பரீட்சை வைத்தது யார்? ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி. டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் சங்கம் இருப்பதுபோல, புள்ளியியலாளர்களுக்கான சங்கம் இது. லண்டனில் இயங்கும் இதற்கு வயது 190-ஐத் தாண்டிவிட்டது. ‘நாங்கள் எண்களை மட்டும்தான் தருவோம், கருத்து சொல்ல மாட்டோம்’ என்று பிறந்த சங்கம் இது. அப்படிப்பட்ட சங்கம், ஒரு தாயின் வழக்கில் வாய் திறக்க வேண்டி வந்தது.

களத்துமேட்டில் ஒரு கோதுமைக் கட்டு

1830-களின் இங்கிலாந்து. நீராவி ஆலைகள் பெருகுகின்றன, நகரங்கள் பிதுங்குகின்றன, காலரா வந்து அள்ளிப் போயிருக்கிறது. எத்தனை பேர் எதனால் இறக்கிறார்கள் என்பதற்கு உருப்படியான கணக்கில்லை. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசே முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1837-ல்தான்.

1833-ல் கேம்பிரிட்ஜில் ஓர் அறிவியல் மாநாடு நடந்தது. பெல்ஜியத்திலிருந்து அடால்ஃப் குவெட்லே என்ற அறிஞர் குற்றங்களைப் பற்றிய கணக்குகளோடு வந்திருந்தார். அதைப் படிக்க அந்த மாநாட்டில் பொருத்தமான பிரிவே இல்லை. அதனால் சிலர் டிரினிட்டி கல்லூரியின் ஓர் அறையில் தனியாகக் கூடினார்கள். கணினியின் தந்தை என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த சார்லஸ் பாபேஜும், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எச்சரித்த மால்தஸும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு, 1834 மார்ச் 15-ல் லண்டனில் சங்கம் பிறந்தது.

கட்டிவைத்த கோதுமைக் கதிர்தான் சின்னம். அதோடு லத்தீனில் ஒரு வாசகம். நம் பாஷையில் சொன்னால், ‘கதிரறுத்துக் கட்டிக் களத்தில் போடுவது எங்கள் வேலை, போரடித்துத் தானியத்தைப் பிரிப்பது மற்றவர்கள் பாடு!’ கருத்து என்று வந்துவிட்டால் அரசியல் வரும், அரசியல் வந்தால் சங்கம் உடையும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால், எண்களை எடுத்துவைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது? 1857-ல் அந்த வாசகத்தை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே முதல் பெண் உறுப்பினர் உள்ளே வந்தார். ‘கைவிளக்கேந்திய காரிகை’ ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்! கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட, தொற்றுநோயால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை வண்ண வரைபடமாக வரைந்து அரசின் கண்முன் வைத்தவர் அவர். கதிரைக் கட்டிவைத்துவிட்டுப் போகிறவர் அல்ல, தானே போரடித்தவர்.

1887-ல் விக்டோரியா மகாராணியின் சாசனம் கிடைத்து ‘ராயல்’ பட்டம் சேர்ந்தது. கிளாட்ஸ்டன், ஹெரால்டு வில்சன் என்று பிரதமர் பதவி வகித்தவர்களும் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். ஒரு பெண் தலைவராக மட்டும் 1975 வரை ஆயிற்று. ஸ்டெல்லா கன்லிஃப் என்ற அவர், கின்னஸ் பீர் கம்பெனியில் நெடுங்காலம் புள்ளியியலாளராக இருந்தவர். நைட்டிங்கேல் உறுப்பினரான பிறகு 117 ஆண்டுகள்! எண்களைப் பற்றிய சங்கம் என்பதால் இந்த எண்ணையும் சொல்லிவிடுவோம்.

பெருக்கக் கூடாத இடத்தில் பெருக்கல்

சாலி கிளார்க், இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞர். 1996-ல் அவருடைய முதல் ஆண் குழந்தை, பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் திடீரென இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது மகனும் எட்டு வார வயதில் இறந்தான். போலீஸ், தாயைக் கைது செய்தது.

வழக்கில் சாட்சி சொன்ன பிரபல குழந்தைகள்நல மருத்துவர் ஒரு கணக்கு போட்டார். வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர் சிசு மரணம் நிகழும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்பதால் அதை அதனாலேயே பெருக்கினால், ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று. இவ்வளவு அரிதான ஒன்று தற்செயலாக நடக்குமா? 1999 நவம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை. 2000-ல் மேல்முறையீடும் தள்ளுபடி.

பூவா தலையா கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காசுகளுக்கு ஒன்றோடொன்று உறவில்லை. அதனால் பெருக்கலாம். அண்ணனும் தம்பியும் அப்படியா? ஒரே வயிறு, ஒரே ரத்தம், ஒரே வீடு. ஒரு குழந்தையைப் பாதித்த ஏதோ ஒன்று, அடுத்ததையும் பாதிக்கலாம். அப்படியிருக்க, கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியது முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. கேரளா லாட்டரியில் ஒருவருக்கு முதல் பரிசு விழுகிறது. பல லட்சத்தில் ஒருவருக்குத்தான் அது விழும். அதனாலேயே ‘இவர் தில்லுமுல்லு செய்திருக்கிறார்’ என்று பிடித்துக்கொண்டு போக முடியுமா? ஒரே வீட்டில் இரண்டு சிசுக்கள் இயற்கையாக இறப்பது அரிதுதான். பெற்றவளே இரண்டு சிசுக்களையும் கொல்வதும் அரிதுதானே? இந்த இரண்டு அரிதில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘7.3 கோடியில் ஒன்று’ என்பதை ‘இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று’ என்று வாசித்துவிடக் கூடாது.

2001 அக்டோபரில் சங்கம் பகிரங்கமாக அறிக்கை விட்டது. அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்றது. 2002 ஜனவரியில் அதன் தலைவர் பீட்டர் கிரீன், நீதித்துறைக்குப் பொறுப்பான லார்டு சான்சலருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றத்தில் புள்ளியியல் சாட்சியத்தை அதற்குத் தகுதி உள்ளவர்கள்தான் முன்வைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

2003 ஜனவரியில் சாலி விடுதலையானார். முக்கியக் காரணம், இரண்டாவது குழந்தையின் மருத்துவப் பரிசோதனை முடிவுகள் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்ததுதான். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எண்ணையும் கடுமையாகவே விமர்சித்தது. பின்னாட்களில் இதேபோல் தண்டிக்கப்பட்ட வேறு சில தாய்மார்களும் விடுதலையானார்கள். இரண்டு குழந்தைகளையும் இழந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிலும் இருந்த சாலியால் மீண்டு வர முடியவில்லை. 2007-ல், 42 வயதில் இறந்துபோனார்.

இன்று என்ன செய்கிறார்கள்?

சங்கத்தில் இப்போது 10,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஆர்வமுள்ள யாரும் சேரலாம். தொழில்முறைத் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பு, 1993-ல் இன்னொரு புள்ளியியலாளர் அமைப்பு இதோடு இணைந்த பிறகு வந்தது. 1892 முதல் ‘கை’ பதக்கம் வழங்குகிறார்கள். கையில் தருவதால் அல்ல, வில்லியம் கை என்ற மருத்துவரின் பெயரால்! தங்கப் பதக்கம் 2011-ல் நம் நாட்டில் பிறந்த சி.ஆர்.ராவுக்குக் கிடைத்தது.

சாமானியர்களுக்காக 2017 முதல் ‘ஆண்டின் சிறந்த புள்ளிவிவரம்’ தேர்ந்தெடுக்கிறார்கள். 2018-ல் உலக அளவில் தேர்வானது 90.5. இதுவரை உருவான பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்கே போகாத சதவிகிதம் அது.

நீதிமன்ற வேலையும் தொடர்கிறது. நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸ், அவர் டியூட்டியில் இருந்தபோதெல்லாம் நோயாளிகள் இறந்தார்கள் என்ற கணக்கால் ஆயுள் தண்டனை பெற்று, 2010-ல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். இப்படிப்பட்ட மருத்துவமனை மரண வழக்குகளுக்காகவே 2022 செப்டம்பரில் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘இவர்தான் குற்றவாளி’ என்று முடிவுகட்டிவிட்டு அதற்கேற்ற மரணங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள், விசாரணையின் தொடக்கத்திலேயே ஒரு புள்ளியியலாளரைக் கூப்பிடுங்கள் என்று அது போலீஸுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சொல்கிறது.