திறப்பு வேலை செய்யாத காலை

வியாபாரிக்குக் காசோலை திரும்பி வருவதென்பது வங்கிக் கட்டணத்தோடு முடிந்துபோகும் விடயமல்ல. புறக்கோட்டை மொத்தக் கடைக்காரரிடம் பத்து வருடமாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் ஆட்டங்கண்டுவிடும். கடந்த வருடம் என்னை அந்த நிலைமையின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கார்த் திறப்பு.

மாவனல்லையில் மின்சாரப் பொருட்கள் விற்கும் சிறிய கடையொன்றை நடத்தி வருகின்றேன். அன்று ஒரு வியாழக்கிழமை. கொழும்புக்குக் கொடுத்திருந்த காசோலையின் திகதியும் அதுதான். வங்கியில் போட வேண்டிய பணத்தை ஒரு பையில் கட்டி, காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, ஷட்டரைத் திறந்துவிட்டு வந்து பையை எடுக்கலாமென்று பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவுப் பிடியில் கை வைத்தால் கார் அசையவில்லை. ரிமோட்டை ஒரு முறை, பத்து முறை, ஐம்பது முறை அழுத்தினேன். பலனில்லை. இரண்டாவது திறப்பு எங்கேயென்று கேட்காதீர்கள். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த அந்தக் காருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே திறப்புத்தான்.

தெரிந்த ஒருவர் கொடுத்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் திறப்பைப் பார்க்காமலேயே, "ரிமோட் போயிட்டு, புதுசு போடோணும். 45,000 ரூபா வரும். ஆள் வந்து சேர பகலாகும்" என்றார். பணம் காருக்குள். வங்கி திறக்க அரை மணித்தியாலம்தான் இருக்கின்றது. "சரி, வாங்க" என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் பக்கத்துக் கடையில் மணிக்கூடு திருத்தும் நானா வந்து சேர்ந்தார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. திறப்ப இங்க தாங்க பாப்பம்" என்றார்.

திறப்பின் ஓரத்திலிருந்த சிறிய பொத்தானொன்றை நகத்தால் தள்ளினார். உள்ளேயிருந்து ஓர் இரும்புத் திறப்பு வெளியே வந்தது! ஆறு வருடமாகச் சட்டைப் பையில் கொண்டு திரிந்த எனக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. சாரதிப் பக்கக் கதவிலிருந்த துவாரத்தில் அதைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது. "முதல்ல பேங்குக்குப் போயிட்டு வாங்க. மிச்சத்தப் பிறகு பாப்பம்" என்றார்.

காசோலை திரும்பவில்லை. வங்கியிலிருந்து வந்த பிறகு, காரை ஸ்டார்ட் பண்ணும் முறையையும் அவரே காட்டினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பை ஸ்டார்ட் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, 'பீப்' சத்தம் கேட்டதும் அழுத்தச் சொன்னார். கார் உயிர் பெற்றது. பிறகு திறப்பைப் பிரித்து, உள்ளேயிருந்த பட்டன் பற்றரியை மீற்றரில் பார்த்தார். 2.4 வோல்ட் காட்டியது. புதிய பற்றரியின் விலை 350 ரூபா. 45,000 ரூபாவும் ஒரு பகலும் மிச்சமாயின.

அன்றிலிருந்து இந்த விடயத்தைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை வியாபாரச் சகோதரர்களுக்காக இங்கே தருகின்றேன்.

திறப்புக்குள் இருப்பது என்ன?

ஸ்மார்ட் திறப்பு ஒன்றுக்குள் மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, பற்றரியில் இயங்கி வானலை மூலம் கதவைத் திறக்கும் ரிமோட். இரண்டாவது, பற்றரியே தேவைப்படாத அடையாளப் பகுதி. ஸ்டார்ட் பொத்தானுக்கு அருகே பிடித்தால், காரிலிருந்து வரும் சக்தியைக் கொண்டே அது தன்னை அடையாளம் காட்டிவிடும். மூன்றாவது, நான் அறியாமலிருந்த இரும்புத் திறப்பு. ஆகவே பற்றரி செத்துப்போனாலும் காருக்குள் போகவும் முடியும், ஓட்டவும் முடியும். இரும்புத் திறப்பால் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அடிக்கலாம். ஸ்டார்ட் பண்ணியதும் நின்றுவிடும்.

பற்றரி திடீரென்று சாவதுமில்லை. இரண்டு வாரமாகவே நான் இரண்டு மூன்று தடவை அழுத்தித்தான் கதவைத் திறந்து வந்தேன். மீற்றர் பலகையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வந்து வந்து போனது. வாசிக்கத் தெரியாததால் கவனிக்கவில்லை. திறப்பின் பற்றரி குறைகின்றது என்பதுதான் அந்த அறிவித்தல்! உங்கள் காரிலும் விளங்காத எழுத்து வந்தால், கைத்தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பற்றரி வாங்கும்போது

பழைய பற்றரியின் முதுகிலுள்ள இலக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். சீஆர் 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். சீஆர் 2025 இன் தடிப்பு 2.5 மில்லிமீற்றர். இரண்டுமே 3 வோல்ட்தான். ஆனால் 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 ஐப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. இன்று வேலை செய்யும், நாளை செய்யாது. புதிய பற்றரி மீற்றரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் காட்ட வேண்டும். 2.7 க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. கழற்றிய பற்றரியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கினால் இரண்டே மணித்தியாலத்தில் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடக்கூடியது அது. சந்தேகம் வந்தாலே உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கின்றது. டீவீ ரிமோட்டைக் கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து வெளிச்சம் தெரிகின்றதா என்று பார்ப்பது போல, கார் ரிமோட்டையும் சிலர் பரிசோதிக்கின்றார்கள். கார் ரிமோட் வேலை செய்வது வானலையில். கமராவில் எதுவும் தெரியாது.

பற்றரி மாற்றியும் சரிவராவிட்டால்

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கின்றேன். பயணமொன்று போய்ப் பல நாட்களின் பின் வந்து பார்த்தால், அவருடைய ஹைபிரிட் கார் திறக்கவில்லை. திறப்பின் பற்றரியை இரண்டு தடவை மாற்றினார். குற்றம் திறப்பில் இல்லை, காரின் 12 வோல்ட் பற்றரியில்! ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், பூட்டும் கணினியும் இயங்குவது இந்தச் சிறிய பற்றரியில்தான். இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து பாருங்கள். உள்வெளிச்சமும் எரியாவிட்டால் சந்தேகமே வேண்டாம். டொயோட்டா பிரியஸின் சில மாதிரிகளில் இந்தப் பற்றரி பின்பக்கம் இருக்கின்றது. அது செத்துவிட்டால் பின்கதவும் திறக்காது. அதற்காகத்தான் பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் ஜம்ப் கேபிள் கொடுக்கும் முனையொன்றை வைத்திருக்கின்றார்கள்.

பிள்ளைகள் தூரத்திலிருந்து ரிமோட்டை நூற்றுக்கணக்கான தடவை அழுத்தி விளையாடினாலும் சிக்கல் வரலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரகசிய இலக்கம் மாறுவதால், திறப்பும் காரும் கணக்கில் பிந்தி முந்திவிடும். பல கார்களில், அருகில் நின்று இரண்டு மூன்று தடவை அழுத்தினால் அல்லது ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் கணக்கு மீண்டும் நேராகிவிடும். கைத்தொலைபேசியை விலக்கி வைத்தும், காரை வேறிடத்துக்குத் தள்ளி நிறுத்தியும் ஒரு முறை பாருங்கள். பக்கத்திலுள்ள மின்சாதனங்களின் இரைச்சலும் தடையாக இருக்கலாம்.

இவையெல்லாம் முடிந்த பின்னர்தான் புதிய ரிமோட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் அவதானம் தேவை. ஜப்பானுக்கென்று செய்யப்பட்ட கார்களின் திறப்புகள் பெரும்பாலும் 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் வரையில் இயங்குகின்றன. ஐரோப்பியத் திறப்புகள் 433.92 இல். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கின்றதென்று வாங்கினால் பணம் வீண். பஞ்சிகாவத்தையில் பழைய திறப்பு வாங்குவதாக இருந்தாலும், உங்கள் காருக்கு அதைப் பதிந்து காட்டிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பமானது. அதனால் நம்மில் பலர் ஓட்டுவது பழைய வாகனம், கையிலிருப்பது தேய்ந்த ஒற்றைத் திறப்பு. அது வேலை செய்யும்போதே இரண்டாவதைப் பதிந்துகொள்வது இலகு, செலவும் குறைவு. இருந்த ஒன்றும் தொலைந்த பிறகென்றால் வேலையும் கூடும், செலவும் பல மடங்காகும்.

நான் அந்த மாதமே இரண்டாவது திறப்பைச் செய்துகொண்டேன். அது வீட்டில் இருக்கின்றது. கடை மேசை இலாச்சியில் இரண்டு பட்டன் பற்றரிகள் இருக்கின்றன. பணப் பையை மட்டும் இப்போது காரில் விட்டு இறங்குவதில்லை.