இதயத் துடிப்பில் தடை

மரம் சீவும் வேளையில் ஒருவர் மயங்கி விழுந்தால், பசி மயக்கம் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். இதயத் தடையும் அதற்குக் காரணமாகலாம். இஃது இரத்தக் குழாய் அடைப்பன்று. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மெல்லிய மின்விசை கீழறையைச் சேர்வதில் ஏற்படும் தாமதம் அல்லது தடையே ஆகும்.

இ.சி.ஜி. தாளில் மேலறையின் இயக்கம் சிறு மேடாகவும், கீழறையின் இயக்கம் கூரிய கோடாகவும் பதிவாகின்றன. மேட்டின் தொடக்கத்திற்கும் கூர்ங்கோட்டின் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட நேரம் ஒரு பெரிய கட்டத்தை, அதாவது 0.20 வினாடியை, மிஞ்சினால் அது முதல் நிலை. இதில் துடிப்பு எதுவும் தவறுவதில்லை. பெரும்பாலும் சிகிச்சையும் தேவைப்படாது.

இரண்டாம் நிலையில் சில மேடுகளைத் தொடர்ந்து கூர்ங்கோடு வராது. இடைவெளி படிப்படியாக நீண்டு, பின்னர் ஒரு துடிப்பு தவறுவது ஒரு வகை. இடைவெளி மாறாதிருந்து திடீரெனத் தவறுவது மற்றொரு வகை. இதுவே அதிக அபாயமானது.

மூன்றாம் நிலையில் மேலறையும் கீழறையும் தொடர்பின்றித் தத்தம் போக்கில் துடிக்கும். நாடி நிமிடத்திற்கு 40க்கும் கீழே இறங்கலாம்.

மயக்கம் கண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் நம் கடமை. இ.சி.ஜி. எடுப்பதில் வலியில்லை, உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதுமில்லை. 1958இல் சுவீடனில் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் கருவி, இன்று இந்நோயாளர் பலரின் உயிரைக் காத்து வருகிறது.