சுவரும் சித்திரமும்

கண்ணாடியைப் போல் ஒளியை விடவேண்டும்; செம்பைப் போல் மின்சாரத்தைக் கடத்தவேண்டும்; காகிதத்தைப் போல் வளையவும் வேண்டும். மடக்கும் திரைகளுக்கு வேண்டிய மின்முனையின் லக்ஷணம் இதுவே. இம்மூன்று குணங்களும் ஒரே பொருளில் அமைவது அரிது.

இதுகாறும் இவ்வேலைக்குப் பெரிதும் உதவிவருவது இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஆக்ஸைடாகும். 1863-ம் வருஷம் ஜெர்மனியில் பிரைபெர்க் நகரில் கண்டறியப்பட்ட இண்டியம், பெரும்பாலும் துத்தநாகம் பிரிக்கையில் உபபொருளாகவே கிடைக்கிறது. அதன் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் சீனா, 2025 பிப்ரவரியில் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அன்றியும் இந்த ஆக்ஸைடு பீங்கான் போன்றது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீட்டினாலே வெடித்துவிடும்.

ஆகவே விஞ்ஞானிகள் வெள்ளி நுண்கம்பிகளையும், மின்கடத்தும் பாலிமர்களையும் நாடலாயினர். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர் வேறொரு வழி கண்டனர். வற்றிய குளத்துச் சேறுபோல் வெடிக்கும் பூச்சொன்றைத் தடவி, வெடிப்புகளில் உலோகத்தைப் படியவிட்டு, பின் பூச்சை நீக்கினால், கண்ணுக்குப் புலப்படாத உலோக வலை எஞ்சுகிறது.

ஆனால் எதைப் பூசினாலும் அது ஒட்டவேண்டாமா? 1941-ல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்ஸன் இருவரும் உருவாக்கிய பாலியெஸ்டரே இன்று இப்படலங்களில் மிகுதியாக வழங்குவது. அதன்மீது நீர்ப்பூச்சு சீராகப் பரவாது. பரிகாரம், மேற்பரப்பைப் பக்குவப்படுத்துதலே. மின்வீச்சிலோ பிளாஸ்மாவிலோ படலத்தைச் செலுத்தினால், ஆக்ஸிஜன் கொண்ட அணுத்தொகுதிகள் மேலே தோன்றுகின்றன; நீர் பரவுகிறது; பூச்சு பற்றுகிறது. மாறுதல் நிகழும் ஆழமோ, ஒரு மில்லிமீட்டரில் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான்!

இதில் அளவு மிஞ்சலாகாது. மிஞ்சினால் பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்து நலிந்த அடுக்கொன்று உண்டாகிறது. பூச்சு அதனுடன் உரிந்துபோம். தாமதமும் ஆகாது. பக்குவம் செய்த படலத்தைச் சும்மா வைத்திருந்தால், அவ்வணுத்தொகுதிகள் நாளடைவில் உட்புறம் திரும்பிவிடுகின்றன. செய்த வேலை வீணாகிறது.

அந்நியர் கைப்பொருளை எதிர்பாராமல் தொழில் நடத்த விரும்புவோருக்கு நாம் சொல்வது இதுவே: இண்டியத்துக்குப் பதிலாக எதைக் கொண்டாலும், அதைத் தாங்குவது இந்த மெல்லிய மேலடுக்குத்தான். புதுப்பொருள் தேடுவதற்குச் செலவிடும் பொருளிலும் உழைப்பிலும் உரிய பங்கை மேற்பரப்புக்கும் ஒதுக்குவார்களாக. சுவரைச் செப்பஞ் செய்யாமல் சித்திரம் எழுதப் புகுவது விவேகமாகாது.