பெருஞ்சிப்பியை உறிஞ்சும் பொடி நத்தை

நீலமும் பச்சையுமாக மின்னும் சதைமடிப்பை விரித்துக் கிடக்கும் பெருஞ்சிப்பிக்காகவே கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்தச் சதைக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவுதான் சிப்பிக்குப் பெரும்பங்கு ஆதாரம். இந்தக் குடும்பத்தின் மிகப்பெரிய இனமான டிரிடாக்னா கைகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டதாக வளரும். தொட்டிக்காரர்கள் அதிகம் விரும்புவது சிறிய இனங்களான மாக்சிமாவையும் குரோசியாவையும்.

நலமாக இருக்கும் சிப்பியின் மேல் கை நிழல் பட்டால் சட்டென்று சதையைச் சுருக்கிக்கொள்ளும். சதைமடிப்பின் விளிம்பில் வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான நுண்கண்கள் வெளிச்சம் குறைவதை உடனே உணர்ந்துவிடுகின்றன. ஒருநாள் அந்தச் சுருக்கம் மந்தமாகிறது. சதை முன்போல விரிவதில்லை. தண்ணீரைச் சோதித்தால் உப்பு சரி, கால்சியம் சரி, விளக்கும் சரி. அப்போது சந்தேகப்பட வேண்டியது பிரமிடெல்லிட் என்ற நத்தைக் குடும்பத்தை.

ஒரு அரிசிமணி அளவுதான் இருக்கும். வெள்ளை நிறம், கூம்பிய ஓடு. மற்ற நத்தைகளுக்குப் பாசியைச் சுரண்ட ராடுலா என்ற அரநாக்கு உண்டு. இந்தக் குடும்பத்துக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக நீண்டு மடங்கும் உறிஞ்சுகுழலும் அதன் நுனியில் ஊசிமுள்ளும் இருக்கின்றன. சிப்பி ஓட்டின் விளிம்பில் உட்கார்ந்தபடியே குழலை நீட்டி அதன் சதையில் குத்தி உடல்திரவத்தை உறிஞ்சும். பெருஞ்சிப்பிகளை நாடி வருபவற்றில் டத்ரெல்லா ஐரடாலே என்ற இனம் பெயர்போனது. அமெரிக்கக் கடலோரத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பூனியா இம்ப்ரெஸா, உணவுக்கான ஆளிகளை இப்படித்தான் உறிஞ்சுகிறது.

தொட்டியில் காணும் சிறு நத்தைகளையெல்லாம் எதிரியாக நினைத்துவிடக் கூடாது. கண்ணாடியில் ஊர்ந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பது நிச்சயம் இதுவல்ல; சுரண்ட இதற்கு நாக்கே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொரு அடையாளமும் தெரியும். ஓட்டின் உச்சியில் உள்ள குஞ்சுப்பருவச் சுற்று மற்ற சுற்றுகளோடு ஒரே அச்சில் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்.

பகலில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ள நூல்கற்றையை வெளியே விடும் அடித்துளையைச் சுற்றியும், ஓட்டின் செதில்மடிப்புகளிலும், அடியிலுள்ள மணலிலும் ஒளிந்திருக்கும். விளக்கணைந்து சில மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பார்த்தால் ஓட்டின் மேல்விளிம்பில் வரிசைகட்டி நிற்பது தெரியும்.

மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நத்தையும் மெல்லுடலி, சிப்பியும் மெல்லுடலி. நத்தையைக் கொல்லும் செம்பு மருந்து சிப்பியையும் கொல்லும். ஆகவே கையால் செய்யும் வேலைதான் வழி. சிப்பியை மெதுவாக எடுத்து, தொட்டித் தண்ணீரே நிரப்பிய வாளியில் வைத்து, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் ஓட்டை மூலைமுடுக்கு விடாமல் தேய்க்க வேண்டும். அடித்துளைப் பக்கம் பிரஷ் வேண்டாம். அங்கே இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். நூல்கற்றை வேரோடு பிய்ந்தால் சிப்பி பிழைப்பது கடினம். பாறையை ஒட்டிக் கத்தியால் நூலை அறுக்கலாம்; சிப்பி புதிய நூலைச் சுரந்துகொள்ளும். திரும்ப வைக்கும்போது உள்ளே புகுந்த காற்று வெளியேறும்படி தண்ணீருக்குள் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நிம்மதியடைபவர்கள்தான் கடைசியில் சிப்பியை இழக்கிறார்கள். நத்தைகளைவிட முட்டைகள்தான் பெரிய தொல்லை. நிறமற்ற கூழ்த்திட்டுகளாக ஓட்டின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் அவை கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. இந்த நத்தைகளில் ஆண் பெண் வேறுபாடும் இல்லை, ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது. தப்பிய ஒரு திட்டு பொரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை தேய்ப்பதும் பார்ப்பதுமாக, ஒரு நத்தைகூடத் தென்படாத நிலை வந்த பிறகும் சில வாரங்கள் தொடர வேண்டும்.

ஆறுகோட்டு ராஸ், மஞ்சள் ராஸ் போன்ற மீன்கள் இந்த நத்தைகளைத் தின்னும். துணைக்கு அவை நல்லவை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ராஸ் பகலில் இரை தேடி இரவில் உறங்கும், மஞ்சள் ராஸ் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். நத்தை வெளியே வருவது அந்த நேரத்தில்தான். சிப்பியின் அடியில் பதுங்கியிருப்பவற்றை மீனால் எட்டவும் முடியாது.

பவளப்பாறையில் இந்த நத்தை சிப்பியை அழித்துவிடுவதில்லை. மீனும் நண்டும் அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன. குஞ்சுச் சிப்பிகளை நெருக்கி அடுக்கிய பண்ணைத் தொட்டியிலும் வீட்டுத் தொட்டியிலும் அந்தக் காவல் இல்லாததால்தான் அது பெருகுகிறது. 1980களில் பலாவ் தீவில் பெருஞ்சிப்பிக் குஞ்சுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறை நிலைபெற்றது. இன்று விற்பனைக்கு வரும் பல சிப்பிகள் இப்படிப்பட்ட பண்ணைகளில் பிறந்தவை. பண்ணையில் பிறந்தது என்பதாலேயே நத்தை இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் பெருஞ்சிப்பி இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வளர்ப்பவர்கள், வாங்கும் கடையிலேயே சிப்பியைத் தூக்கிக் கவிழ்த்து அடித்துளையைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டியில் ஒரு சிறு தட்டைக் கல்லின் மேல் வைத்துச் சில வாரங்கள் கவனியுங்கள். நூல் அந்தக் கல்லில் பற்றிக்கொள்ளும், எடுத்துப் பார்ப்பதும் எளிதாகும். சுத்தமானது என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குள் விடுங்கள்.